ஒற்றை பஸ்ஸில் தொடங்கிய ஜி.டி. நாயுடு

சிறு தொழில் நடத்தும் முதலாளி ஒருவரல்ல, மூவர். காலையில் ஸ்பானரைக் கையில் பிடித்து வேலை பார்ப்பவரும் அவரே. மாலையில் கல்லாப்பெட்டி முன் உட்கார்ந்து வரவு செலவு எழுதுபவரும் அவரே. இடையில் நாலு ஆட்களை வேலை வாங்கி, அடுத்த மாதம் என்ன செய்வது என்று யோசிப்பவரும் அவரே.

இந்த மூன்றில் ஒன்று சறுக்கினாலும் தொழில் படுத்துவிடும். கை வேலையில் கெட்டிக்காரர்கள் எத்தனையோ பேர் கணக்கில் கோட்டைவிட்டுக் கடையை மூடியிருக்கிறார்கள். கணக்கில் புலியாக இருப்பவர்கள் வேலை தெரியாமல் ஆட்களிடம் ஏமாந்திருக்கிறார்கள்.

பெங்களூர் தமிழர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. பீனியாவிலும் ராஜாஜிநகரிலும் லேத் பட்டறைகளில் கூலிக்கு நிற்பவர்கள், ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் கணக்கு எழுதுபவர்கள், கலாசிபாளையம் லாரி ஆபீஸ்களில் வேலை பார்ப்பவர்கள் ஆகியோரில் பலருக்கு ஒரு நாள் சொந்தமாகத் தொழில் தொடங்க வேண்டும் என்ற ஆசை உண்டு. சேர்த்து வைத்த பணத்தைப் போடுவதா, வேண்டாமா என்ற பயமும் உண்டு.

அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு. அதுதான் கோவை ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கை. 1974-ல் மறைந்த அவரைப் பலரும் விஞ்ஞானி என்றும், இந்தியாவின் எடிசன் என்றும் புகழ்கிறார்கள். ஆனால் அவர் முதன்முதலில் பெயர் வாங்கியது விஞ்ஞானியாக அல்ல. ஒரே ஒரு பஸ்ஸுக்கு முதலாளியாக!

கலங்கல் கிராமத்துப் பிள்ளை

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ந் தேதி கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். தாயை இளம் வயதிலேயே இழந்தார்.

பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. வாத்தியார் மீது மண்ணை வாரி வீசிய கதையைக் கோவைப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். தொடக்கப் பள்ளியோடு அவருடைய படிப்பு நின்றுபோனது. ஆனால் பள்ளியை வெறுத்தாரே தவிர அறிவை வெறுக்கவில்லை. கையில் கிடைத்ததைத் தாமே படித்தார். எந்தப் பொருளைக் கண்டாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ஆசை அவரை விடவில்லை.

அந்த ஆசைக்குத் தீனி போட்டது ஒரு மோட்டார் சைக்கிள்.

முந்நூறு ரூபாய் வண்டி

லங்காஷயர் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அந்தப் பக்கத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். ரட்ஜ் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் வண்டி அது. மாடும் இல்லாமல், குதிரையும் இல்லாமல் ஓடிய அந்த வண்டி இளைஞர் துரைசாமியின் மனதைப் பிடித்துக்கொண்டது.

ஆசைப்பட்டால் போதுமா? கையில் காசு வேண்டுமே! கோவைக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வராகச் சேர்ந்தார். இலை போட்டு, தண்ணீர் வைத்து, காசு காசாகச் சேர்த்தார். பிறகு அதே அதிகாரியிடம் போய் அந்த வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார்.

வேறு ஒருவராக இருந்தால் வண்டியில் ஏறி ஊரைச் சுற்றியிருப்பார். இவரோ வண்டியை அக்கக்காகப் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று புரிந்துகொண்டு மறுபடியும் பூட்டினார். குரு கிடையாது, புத்தகம் கிடையாது. அந்த வண்டியே அவருக்குத் தொழிற்பள்ளி ஆயிற்று. அங்கேதான் அவர் மெக்கானிக் ஆனார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலாளி ஆவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கை வேலையை அவர் கற்றுக்கொண்டுவிட்டார். முதலைப் போட்ட பிறகு வேலையைக் கற்றுக்கொள்ளலாம் என்று அவர் இறங்கவில்லை.

பம்பாயில் போன பணம்

கை வேலை வந்துவிட்டது. கணக்கு வந்துவிட்டதா? அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது.

முதல் உலகப் போர்க் காலத்தில் பருத்திக்கு நல்ல கிராக்கி. நாயுடு திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கினார். நன்றாகச் சம்பாதித்தார். ஹோட்டலில் இலை போட்ட இளைஞர் பருத்தி வியாபாரி ஆகிவிட்டார்.

அத்தோடு நின்றிருக்கலாம். பம்பாய் பருத்திச் சந்தை அவரை இழுத்தது. திருப்பூர்த் தொழில் வேறு, பம்பாய் வியாபாரம் வேறு. திருப்பூரில் பஞ்சு கண்ணெதிரே மூட்டையாக நிற்கும். பம்பாயிலோ நாளைய விலை ஏறுமா, இறங்குமா என்று பேரம் பேசுவார்கள்; சரக்கைக் கண்ணால் பார்க்காமலே ஆயிரக்கணக்கில் லாபமும் வரும், நஷ்டமும் வரும். அந்தச் சந்தையில் நீண்ட காலம் பழகிய பெரிய வியாபாரிகளோடு மோதி, கையில் இருந்ததையெல்லாம் இழந்தார் நாயுடு.

கோவைக்குத் திரும்பியபோது பழையபடி வேலை தேட வேண்டிய நிலை. பட்ட அடி பலமானதுதான். ஆனால் அதன்பின் அவர் தொடங்கிய தொழில்களைப் பார்த்தால் ஒன்று புரியும். பஸ், மோட்டார், ரேசர், ரேடியோ ஆகிய எல்லாமே கையால் தொட்டுப் பிரித்துப் பூட்டக்கூடிய பொருள்கள். தமக்கு இயக்கம் தெரிந்த பொருள்களிலேயே பணத்தைப் போட்டார் அவர்.

ஒரே பஸ், ஒரே ஆள்

கோவையில் அப்போது ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் இருந்தார். காப்பித் தொழிலில் தொடங்கிப் பல தொழில்களை நிறுவியவர். கோவையில் பள்ளிக்கூடமும் நிறுவியவர். அவருடைய கம்பெனியில் நாயுடு வேலைக்குச் சேர்ந்தார். இளைஞரின் கைத்திறமையையும் உழைப்பையும் கண்ட ஸ்டேன்ஸ், மாதச் சம்பளத்தில் அடங்கும் ஆள் இவரல்ல என்று உணர்ந்தார். சொந்தமாக பஸ் ஓட்டும்படி ஊக்குவித்து, பஸ் வாங்கக் கடனுதவியும் செய்தார்.

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே அந்த பஸ் ஓடத் தொடங்கியது. ஓட்டியவர் வேறு யாருமல்ல, நாயுடுவேதான்.

தடத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே அவருடைய புத்தி தெரிகிறது. போத்தனூரிலிருந்து பொள்ளாச்சி வரை ரயில் 1915-லேயே வந்துவிட்டது. பொள்ளாச்சியிலிருந்து பழநி வழியாகத் திண்டுக்கல்லுக்கு ரயில் வந்தது 1928-ல்தான். இடையில் உடுமலைப்பேட்டை என்ற நல்ல சந்தை ஊர். பழநியில் முருகன் கோயில். ஆண்டு முழுதும் பக்தர் கூட்டம். ஏறக்குறைய 40 மைல் தூரத்தை ஜனங்கள் மாட்டு வண்டியிலும் நடந்தும் கடந்துகொண்டிருந்தார்கள். அதாவது, பயணிகள் ஏற்கெனவே இருந்தார்கள், வண்டிதான் இல்லை.

ஒற்றை பஸ் முதலாளியின் பாடு எப்படிப்பட்டது என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். பஸ் ஓடினால்தான் காசு. பஸ் நின்றால் வரவு நின்றுபோகும். கடன் மட்டும் நிற்காது. டயர் வெடித்தால் அன்றைய வசூல் போச்சு. பெட்ரோல் பிடிக்க இன்றைய வசூலையே எடுக்க வேண்டும். வசூல் முழுவதும் லாபம் என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுபோனால், ஆறு மாதம் கழித்து எஞ்சின் வேலை வரும்போது கையை விரிக்க வேண்டியதுதான்.

நாயுடுவுக்கு இரண்டு பலம் இருந்தது. ஒன்று, வண்டி வழியில் நின்றால் மெக்கானிக்கைத் தேடி ஓட வேண்டியதில்லை; தாமே இறங்கிப் பார்ப்பார். இன்னொன்று, ஓட்டுநர் இருக்கையில் தாமே உட்கார்ந்ததால் எந்த ஊரில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எந்த மேட்டில் எவ்வளவு பெட்ரோல் எரிகிறது, வண்டி எங்கே தாமதமாகிறது என்பதெல்லாம் அவருக்குக் கைப்பாடம். கணக்குப் புத்தகத்தில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் இருக்கும் உண்மை அவருக்குத் தெரியும்.

எல்லா பஸ்ஸிலும் ஏற முடியுமா?

ஒரு பஸ் இரண்டாயிற்று, இரண்டு பலவாயிற்று. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற கம்பெனி பிறந்தது. யு.எம்.எஸ். என்ற மூன்று எழுத்து கோவை ஜில்லா எங்கும் பரவியது. 1930-களில் இருநூறுக்கும் மேற்பட்ட வண்டிகள் அவருடைய கம்பெனியில் இருந்தன. நாட்டிலேயே நன்றாக நடக்கும் பஸ் கம்பெனிகளில் ஒன்று என்ற பெயர் அதற்குக் கிடைத்தது.

இங்கேதான் சிறு முதலாளிகள் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு பஸ் இருக்கும்போது முதலாளி அதில் ஏறிக்கொள்ளலாம். இருநூறு பஸ் இருக்கும்போது எந்த பஸ்ஸில் ஏறுவது? சிலர், யாரையும் நம்பாமல் தாமே எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று ஓடி ஓடி ஓய்ந்துவிடுவார்கள். சிலர், ஆள் வைத்தாகிவிட்டது என்று காலை நீட்டிப் படுத்துவிடுவார்கள். இரண்டுமே ஆபத்து.

நாயுடு மூன்றாவது வழியைக் கண்டார். தம் கண்ணுக்குப் பதிலாகக் கருவிகளை நிறுத்தினார். பஸ் எந்த நிலையத்துக்கு எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்பதைப் பதிவு செய்ய நேரப் பதிவுக் கருவிகளை வைத்தார். எஞ்சினின் அதிர்வைச் சோதித்துப் பழுதை முன்கூட்டியே அறியும் கருவியையும் உருவாக்கினார்.

ஆள் நிரம்பினால்தான் வண்டி புறப்படும் என்று பல இடங்களில் இருந்த காலம் அது. குறித்த நேரத்தில் பஸ் எடுப்பது என்ற பழக்கம் ஏற்பட்டதும் ஜனங்களுக்கு நம்பிக்கை வந்தது. நம்பிக்கை வந்ததும் கூட்டம் வந்தது. கூட்டம் வந்ததும் வசூல் வந்தது.

கருவி மேல் யாருக்கும் கோபம் வராது என்பதும் இதில் ஒரு நன்மை. தாமதமாக வந்த டிரைவரிடம் முதலாளி கூச்சல் போட வேண்டியதில்லை; அவர் சாக்குச் சொல்லவும் முடியாது. ஒழுங்காக ஓட்டிய டிரைவரை மற்றவர் கோள் சொல்லிக் கெடுக்கவும் முடியாது. அளவு எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஒற்றை பஸ் ஓட்டிய நாட்களில் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டவர் அவர். அதனால்தான் எதை அளக்க வேண்டும் என்றும் அவருக்குத் தெரிந்தது. வண்டியே ஓட்டியறியாத முதலாளிக்கு இது வந்திருக்காது.

திறமைக்கு இடம் கொடுத்தவர்

1930-களின் தொடக்கத்தில் நீலகிரியில் உள்ள பைகாராவிலிருந்து கோவைக்கு மின்சாரம் வந்தது. ஆழமான கிணறுகள் நிறைந்த கோவை வயல்களில் தண்ணீர் இறைக்க மோட்டார் வேண்டும். மில்களுக்கும் மோட்டார் வேண்டும். எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு.

அப்போது டி. பாலசுந்தரம் நாயுடு என்ற திறமைசாலி, மோட்டாரை இங்கேயே செய்துவிட முடியும் என்று முயன்றார். ஜி.டி. நாயுடு அவரோடு சேர்ந்து பீளமேட்டில் நியூ எலக்ட்ரிக் ஒர்க்ஸ் என்ற தொழிற்சாலையை நிறுவினார். 1937-ல் இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் அங்கே உருவாயிற்று. பாலசுந்தரம் பிற்காலத்தில் டெக்ஸ்டூல் என்ற பெரிய தொழிற்சாலையை நிறுவினார்.

இன்று நாடெங்கும் கோவை மோட்டாருக்கும் பம்புசெட்டுக்கும் பெயர் இருக்கிறதென்றால், அதன் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. தமக்கே கைத்திறமை இருந்தும் இன்னொருவர் திறமையைக் கண்டு பொறாமைப்படாமல் அதற்கு இடமும் முதலும் கொடுத்தாரே, அதுவும் தலைமைதான்.

மலிவாகக் கொடுக்க வேண்டும்

நாயுடு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பலமுறை போய்வந்தார். ஜெர்மனியில் கண்ட சிறு மோட்டார் நுட்பத்தைக் கொண்டு பேட்டரியில் ஓடும் ரேசண்ட் என்ற ஷேவிங் ரேசரைத் தயாரித்தார். மெல்லிய ஷேவிங் பிளேடு, பழரசம் பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஓட்டுப் பதிவு செய்யும் இயந்திரம் என்று அவர் கை வைத்த பொருள்களின் பட்டியல் நீளமானது.

சாமானிய மனிதனுக்கு மலிவாகக் கொடுக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று 1941-ல் அறிவித்தார். 1952-ல் இருவர் போகக்கூடிய பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார்.

அந்தக் கார் வீதிக்கு வரவில்லை. பெரிய தொழில்களுக்கு சர்க்கார் லைசென்ஸ் கட்டாயம் என்று 1951-ல் சட்டம் வந்திருந்த காலம் அது. கார் தயாரிக்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. முயற்சி அப்படியே நின்றது.

அவருக்கும் ஒரு எல்லை

நாயுடுவின் வாழ்க்கையில் வெற்றியை மட்டும் சொன்னால் அது பாதிக் கதை.

தம் கம்பெனிக்குள் எல்லாவற்றையும் நேர்த்தியாக நடத்தியவர், கம்பெனிக்கு வெளியே இருந்த சட்ட திட்டங்களோடு கடைசிவரை ஒத்துப்போகவில்லை. வருமான வரி விஷயத்தில் சர்க்காரோடு நெடுங்காலம் மோதினார். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பவன் உழைப்பின் பலனை வரியே கொண்டுபோய்விடுகிறது என்பது அவருடைய கட்சி. 1950-களில் தம் சொந்தத் தயாரிப்புகளையே ஊரறிய உடைத்துத் தம் எதிர்ப்பைக் காட்டினார்.

அந்தச் செயலை ஏற்காதவர்களும் அன்று இருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்த பொருளை உடைப்பதால் யாருக்கு லாபம் என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. வரியும் லைசென்சும் பஸ்ஸின் டயரைப் போல, பெட்ரோலைப் போல, தொழிலின் செலவுதான். அவற்றை மாற்றப் போராடலாம். ஆனால் போராட்டம் முடியும் வரை தொழில் காத்திருக்காது. இன்றைய சிறு முதலாளிகள் ஜி.எஸ்.டி. கணக்கை மாதாமாதம் கட்டி முடிக்கும்போது இதை நினைத்துப் பார்க்கலாம்.

விட்டுக் கொடுத்ததும் பெருமை

சேர்ப்பதற்குத் தெரிந்தவர்களில் பலருக்கு விடுவதற்குத் தெரியாது. நாயுடுவுக்குத் தெரிந்திருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியதுமே, 1944-ல், மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து ஒதுங்கினார். ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை, தம் தொழிலாளர்களுக்கும் பிற்பட்ட மக்களுக்கும் நலத்திட்டங்கள் என்று அறக்கொடைகளை அறிவித்தார்.

அடுத்து அவர் கவனம் போனது கல்விக்கு. பள்ளியைத் தாண்டாத அந்த மனிதர், அன்றைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி அமைய 1945-ல் வழிசெய்தார். அதன் முதல் பிரின்சிபாலாகவும் இருந்தார். இன்று கோவையில் உள்ள அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதன் வழிவந்ததே. பீளமேட்டில் ஹோப் காலேஜ் என்ற பஸ் ஸ்டாப்பின் பெயரும் அந்த நினைவைத் தாங்கி நிற்கிறது.

இஞ்சினீயரிங் படிக்க நாலு வருஷம் வேண்டியதில்லை, பட்டறையில் கை வைத்துக் கற்றால் இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கொள்கை. அதை சர்க்கார் ஏற்கவில்லை. அவர் பொறுப்பை விட்டு விலகிக்கொண்டார்.

நம் பெங்களூருக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. பெங்களூரில் வாழ்ந்த இரண்டு மேதைகளான சர் சி.வி. ராமனும் சர் எம். விசுவேசுவரய்யாவும் நாயுடுவின் விவசாயச் சோதனைகளைக் கோவைக்கே போய்ப் பார்த்துப் பாராட்டியவர்கள். நோபல் பரிசு பெற்றவரும், கிருஷ்ணராஜ சாகர் அணையைக் கட்டியவரும், தொடக்கப் பள்ளியோடு நின்ற ஒருவரைத் தேடிப் போனார்கள் என்றால் அது சாதாரண விஷயமா?

1974 ஜனவரி 4-ந் தேதி ஜி.டி. நாயுடு மறைந்தார். 2025 அக்டோபரில் கோவை அவினாசி ரோட்டில் திறக்கப்பட்ட, 10 கிலோ மீட்டர் நீளமுள்ள மேம்பாலத்துக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். மோட்டாரை நம்பி வாழ்ந்தவருக்கு மோட்டார்கள் ஓடும் பாலமே நினைவுச் சின்னம்.

நமக்கு என்ன?

நாயுடுவைப் போல எல்லோரும் விஞ்ஞானி ஆக முடியாது. ஆனால் ஒற்றை பஸ் முதலாளியாக அவர் செய்ததை எந்தச் சிறு தொழில்காரரும் செய்யலாம்.

முதலில் கை வேலை. இன்று கூலிக்குப் பார்க்கும் வேலையை, நாளை சொந்தத் தொழிலாக வரப்போகும் வேலை என்று எண்ணிக் கற்றுக்கொள்ள வேண்டும். சம்பளத்தோடு கிடைக்கும் படிப்பு அது.

அடுத்தது கணக்கு. வசூல் வேறு, லாபம் வேறு. தேய்மானத்துக்கும் தவணைக்கும் எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதுதான் வீட்டுக்கு. தெரியாத தொழிலில் பெரிய லாபம் காட்டி யார் அழைத்தாலும், பம்பாயை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாகத் தலைமை. ஆள் வைத்த பிறகு வேலையை அவர்களிடம் விட வேண்டும். ஆனால் அளவுகோலை விடக்கூடாது. எத்தனை மணிக்கு வேலை தொடங்கியது, எவ்வளவு சரக்கு வீணாயிற்று, எத்தனை வாடிக்கையாளர் திரும்பி வந்தார்கள் என்று நாள்தோறும் எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதற்கு ஆயிரக்கணக்கில் செலவு ஆகாது.

முந்நூறு ரூபாய் சேர்க்க ஹோட்டலில் இலை போட்டவர், இருநூறு பஸ்களுக்கு முதலாளி ஆனார். இடையில் எல்லாவற்றையும் இழந்து மறுபடியும் ஒரே வண்டியிலிருந்து தொடங்கினார். பெங்களூருக்குப் பிழைக்க வந்து, சொந்தக் காலில் நிற்கத் துடிக்கும் தமிழ்த் தோழர்கள் அந்த ஒரே வண்டியை மறக்காமல் இருந்தால் போதும்.